எட்டேகால் பஸ்ஸுக்கு நின்ற நிழல்

முப்பத்தொரு வருஷ வேலையில் நான் ஒரு சாம்பிளைக்கூடக் கைதவறிக் கெடுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் என் பெயரைத் தட்டினால் வேறு மாதிரி வரும். "நாலாயிரம் வருஷக் கல்லை நாற்பது நிமிஷத்தில் அழித்த விஞ்ஞானி" என்று வரும். கீழே என் படம். தலையில் மழைத் தொப்பி, வாய் பாதி திறந்திருக்கும். அந்தப் படத்தை எடுத்தவன் கையில் கட்டி வர.

என் பெயர் இசக்கியம்மாள். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அயர்லாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இங்கே என்னை 'இஸ்ஸி' என்கிறார்கள். தன் பிள்ளைக்கு ஒன்பது எழுத்தில் பெயர் வைத்துவிட்டு அதில் மூன்றை மட்டும் உச்சரிக்கிற ஜனத்துக்கு என் பெயர் நீளமாம்.

கல்லுக்குள் இறங்கிய வெளிச்சத்தை அளப்பது என் தொழில். இதை வைத்துத்தான் 'தொல்லொளி' என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தான் இளஞ்சேரன். பொள்ளாச்சிக்காரன், முப்பத்துமூன்று வயது. இவன் பிறந்ததே உலகத்துக்கு உபகாரம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த முகம். அவனுக்குப் பேசத் தெரியும், எனக்குக் கருவியை ஓட்டத் தெரியும். அதனால் அவன் முதலாளி, நான் கருவி ஓட்டி.

கார்க் மாவட்டத்தின் மேற்கே, பாலிநாகோர் என்ற குக்கிராமத்தில் அந்தக் கல் நின்றது. அயர்லாந்து வயல்களில் இப்படி ஆயிரக்கணக்கான நெடுங்கற்கள் நிற்கின்றன. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால் ஆளாளுக்குப் புத்தகம் எழுதுகிறார்கள். பாலிநாகோர் கல் ஒன்றரை ஆள் உயரம். சாலை வளைகிற இடத்தில், ஒரு பக்கம் ரோட்டைப் பார்த்தும் மறுபக்கம் மாடு மேய்கிற வயலைப் பார்த்தும் நின்றது. அரசாங்கத்தின் தொல்சின்னப் பட்டியலில் 'வெண்கலக் காலம்' என்று போட்டிருந்தது.

கல்லைப் பார்த்த மாத்திரத்தில் இளஞ்சேரன் உணர்ச்சிவசப்பட்டான். அது அவனுக்கு வாரம் இரண்டு தடவை வரும்.

"இசக்கியக்கா, இங்க பாருங்க! நெஞ்சு உசரத்துல ஒரே பளபளப்பு. தொட்டுப் பாருங்க, எண்ணெய்ப் பிசுக்குங்க்கா."

தொட்டேன். பிசுக்குதான்.

"நம்மூர்ல கல்லுக்கு எண்ணெய் வார்க்கறோமில்லீங்களா? அதேதானுங்க்கா! நாலாயிரம் வருஷமா எண்ணெய் ஊத்தி, கையால தேய்ச்சு, கும்பிட்டிருக்காங்க. எனக்குப் புல்லரிக்குது."

"தம்பி, நாலாயிரம் வருஷ மழையில எண்ணெய் நிக்குமாக்கும்? இங்க நேத்து வச்ச சோப்பே கரைஞ்சு போவுது."

"நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, கல்லைக் கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்தான். 'ஆதித்தமிழன் எண்ணெய் வார்த்த கல், அயர்லாந்தில்' என்று தலைப்பு. அரை மணியில் முப்பதாயிரம் பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். எத்தனை பேருக்கு வேறு வேலையே இல்லை என்பது இப்படித்தான் நமக்குத் தெரிய வருகிறது.

அன்று சாயங்காலம் ஊர்க் கூடத்தில் கூட்டம். வியாழக்கிழமை அமைச்சர் வருகிறார், அவர் கையால் கருவியைத் தொடக்கி வைப்பார், தொலைக்காட்சி வரும். அதற்கு முன் ஊராரிடம் நல்ல பிள்ளையாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று விதி. அறுபது பேர் வந்திருந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மேடையில் இளஞ்சேரன் நின்றான், ஓரத்தில் கருவிக்குப் பக்கத்தில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"வெயில் கல்லு மேல பட்டா, வெளிச்சம் கொஞ்சங் கொஞ்சமா உள்ள இறங்கும்" என்றான். ஆங்கிலத்தில்தான், ஆனால் அவன் பேசினால் எனக்குப் பொள்ளாச்சியாகத்தான் கேட்கும். "வருஷத்துக்கு ஒரு தலைமுடி கனம்கூட இருக்காது. ஆனா இறங்கும். ஒருத்தர் திரும்பத் திரும்ப அதே இடத்துல வந்து நின்னா, அவரோட நிழல் விழற எடத்துல மட்டும் வெளிச்சம் குறைவா இறங்கும். கல்லுக்குள்ள அவர் உருவத்துக்கு ஒரு தடம் விழும். எங்க கருவி நீல வெளிச்சத்தை விட்டு அந்தத் தடத்தைப் படிக்கும்."

முன் வரிசையில் ஒரு கிழவர் கேட்டார். "படிச்ச பிறகு?"

"பிறகு கல் சுத்தமாயிடும். ஒரு தடவைதான் படிக்க முடியும்."

சுத்தமாகிவிடும் என்றான். அழிந்துவிடும் என்று சொல்லவில்லை. அதுதான் அவன் சாமர்த்தியம். முன்பு கெர்ரியில் ஒரு கல் வரிசையை இப்படித்தான் 'சுத்தம்' செய்தோம். ஐந்நூறு வருஷம், வருஷா வருஷம், குளிர்காலத்தின் குறுகிய பகலில் கூடி நின்ற ஒரு கூட்டம் திரையில் மங்கலான மேடாகத் தெரிந்தது. தலை எது, தோள் எது என்று எனக்கே தெரியவில்லை. இளஞ்சேரனின் படக்காரர்கள் அதற்கு அங்கி மாட்டி, தாடி ஒட்டி, கையில் தடி கொடுத்து, பின்னால் குழலும் ஊதி வெளியிட்டார்கள். பெண்கள் அழுதார்களாம்.

கடைசி வரிசையில் ரப்பர் பூட்ஸுடன் ஒரு பெண்மணி எழுந்தாள். அறுபது வயது இருக்கும். சிவந்த கைகள், நரைத்த கட்டைக் கூந்தல்.

"பூசாரிங்க நின்னாத்தான் தடம் விழுமா? சாதாரண ஆளுங்க நின்னா?"

"யாரா இருந்தாலும் விழும்!" என்றான் இளஞ்சேரன். சிரிப்பு வரவழைக்க நினைக்கும்போது அவன் ஒரு கையைத் தூக்குவான். தூக்கினான். "அவ்வளவு ஏங்க, அந்தக் கல்லுகிட்ட தெனமும் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கற குழந்தைங்ககூட உள்ள இருப்பாங்க!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அறுபது பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண்மணி மெதுவாக உட்கார்ந்தாள். இவர்களுக்கு வேடிக்கை புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மூன்றாவது பிஸ்கட்டை எடுத்தேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, கல்லைச் சுற்றிக் கறுப்புத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த ரப்பர் பூட்ஸ் பெண்மணி வயலைக் கடந்து வந்தாள். பெயர் டெர்வ்லா. அந்த வயலும் அதிலிருந்த நாற்பது மாடுகளும் அவளுடையவை. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான், ஆனால் டெர்வ்லா பேசிய தோரணையில் அது சந்தேகமில்லாமல் 'நீ'தான்.

"நேத்து கூட்டத்துல நீ சொன்னது நிஜமா?" என்று இளஞ்சேரனைக் கேட்டாள். "பஸ்ஸுக்கு நிக்கற புள்ளைங்க கல்லுக்குள்ள இருப்பாங்கன்னு."

"நிச்சயமா மேடம்."

"என் மக ஈஃபா. அஞ்சு வயசுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் எட்டேகால் பஸ்ஸுக்கு இந்தக் கல்லு மேல சாஞ்சுதான் நிப்பா. பத்தொம்பது வயசுல கடல்ல குளிக்கப் போனா. அவ துணி மட்டும் பாறை மேல இருந்துது. பதினோரு நாள் படகு விட்டுத் தேடினாங்க. கெடைக்கல." இதையெல்லாம் மாட்டின் காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "அவளுக்குக் கல்லறை கிடையாது. இந்தக் கல்லை நீங்க தொட வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இளஞ்சேரன் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டான். அதற்கென்று ஒரு முகம் வைத்திருந்தான்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க மேடம். நாங்க ஒண்ணு பண்றோம். உங்க பொண்ணோட நிழலை மட்டும் தனியா எடுத்து, ஆள் உசரத்துக்கு அச்சடிச்சு, ஃப்ரேம் போட்டே தந்துடறோம். எங்க அன்பளிப்பு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கருவியின் காலில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே முடுக்கியிருந்த திருகாணிதான்.

"போட்டோவா?" என்றாள் டெர்வ்லா. "வீடு முழுக்கப் போட்டோ கெடக்கு. எல்லாத்துலயும் சிரிக்கறா. எட்டேகாலுக்கு அவ ஒரு நாளும் சிரிச்சதில்ல. மூஞ்சிய உர்ருனு வெச்சுக்கிட்டு, ஒரு கால மடக்கிக் கல்லுல ஊனிக்கிட்டு, நான் கையாட்டினாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டா. அந்த ஈஃபா எங்கயும் இல்லன்னுதான் இத்தனை வருஷமா இருந்தேன். நேத்து சாயங்காலம்தான் இங்க இருக்கான்னு சொன்ன. இன்னைக்கு அவளைத் தொடச்சு எடுத்து ஃப்ரேம் போடறேங்கற."

"மேடம், நிலம் உங்களோடது. ஆனா தொல்சின்னம் அரசாங்கத்தோடது. அனுமதி வாங்கியாச்சு. உங்க சம்மதம்கூட உண்மையில தேவை இல்லீங்க. மரியாதைக்குத்தான் பேசறோம்."

டெர்வ்லா அவனை மேலும் கீழும் பார்த்தாள். மூன்றாம் தர மாட்டைச் சந்தையில் பார்க்கிற பார்வை. பிறகு திரும்பி வயலுக்குள் நடந்து போய்விட்டாள்.

"பாவமுங்க்கா" என்றான் இளஞ்சேரன். "ஆனா வியாழக்கிழமை இந்த அம்மாவை டி.வி. முன்னாடி நிக்க வெச்சா எப்படி இருக்கும்? அம்மாவும் மகளும். யோசிச்சுப் பாருங்க."

"வெறுவாக்கலங்கெட்ட பேச்சு பேசாதீங்க தம்பி. அந்தக் கயித்த இழுத்துப் பிடிங்க" என்றேன்.

எனக்குத் துக்கப்படுகிற ஆட்களைக் கண்டால் எரிச்சல் வரும். என்ன செய்வதென்று தெரியாது, அதுதான் காரணம். அன்றும் எரிச்சலோடுதான் வேலையை ஆரம்பித்தேன். கருவியை ஓட்டுமுன் கல்லின் அடிப்பாகத்திலிருந்து ஒரு கட்டைவிரல் அளவு சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது முறை. மண்ணுக்குள் புதைந்த பாகத்தில் கல் நட்ட நாளிலிருந்து வெளிச்சமே பட்டிருக்காது. உள்ளே எவ்வளவு இருட்டு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், எப்போது நட்டார்கள் என்று தெரிந்துவிடும். பட்டியலில் வயது இருக்கும்போது இது எதற்கு என்றான் இளஞ்சேரன். முறை என்றால் முறைதான் என்றேன். அவன் அமைச்சரின் செயலாளரோடு பேசுவதற்கு டவுனுக்குப் போய்விட்டான்.

தார்ப்பாய்க்குள் சிவப்பு விளக்கில் உட்கார்ந்து தோண்டினேன், எடுத்தேன், அளந்தேன்.

அறுபத்துமூன்று வருஷம் என்று வந்தது.

மறுபடி அளந்தேன். அறுபத்துநாலு. மூன்றாவது தடவை மறுபடி அறுபத்துமூன்று. நாலாயிரம் இல்லை, நானூறுகூட இல்லை. என் பெரியண்ணன் வயது. அப்போதுதான் அந்தப் பளபளப்பை மறுபடி பார்த்தேன். வயல் பக்கம் மட்டும்தான் இருந்தது. மாட்டின் தோள் உயரத்தில் இருந்தது. பிசுக்கில் சிவப்பு மயிர்கள் ஒட்டியிருந்தன.

தார்ப்பாய்க்குள் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆதித்தமிழன் எண்ணெய் வார்த்த கல் மாடு முதுகு சொறிகிற கல்! முப்பதாயிரம் பேர் கும்பிட்டது மாட்டு அழுக்கை! இளஞ்சேரனின் மூஞ்சியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்படி நான் சிரித்து வெகு காலம் ஆகியிருந்தது.

சிரித்து முடித்ததும் டெர்வ்லாவின் வீட்டுக்கு நடந்தேன். அவளிடம் இரண்டு விஷயம் சொல்லப் போனேன். ஒன்றைத்தான் சொன்னேன்.

அவள் சமையலறையில் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கெட்டிலை வைத்தாள்.

"வயசு தெரிஞ்சுபோச்சா?" என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள்.

"அறுபத்துமூணு."

"அறுபத்துமூணேதான். என் மாமனார் டோனல் நட்டது. மாடுங்க வேலிக் கம்பத்துல முதுகைத் தேச்சுத் தேச்சு வாரத்துக்கு ஒரு கம்பத்தைச் சாச்சுடும். மலைச் சரிவுல கெடந்த கல்லை டிராக்டர்ல இழுத்துட்டு வந்து நட்டாரு. இந்தப் பக்கத்துல பாதிப் பேரு அப்படித்தான் நட்டு வெச்சிருக்காங்க."

"அப்புறம் பட்டியல்ல எப்படி ஏறிச்சு?"

"அவரு வாயாலதான்." முதன்முறையாக அவள் உதட்டோரம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. "ரோட்டை அகலப்படுத்தறோம்னு எங்க வயல்ல ஒரு துண்டு கேட்டுட்டு இருந்தாங்க. அந்தச் சமயம் பாத்து அரசாங்கத்துல இருந்து ஒருத்தன் நோட்டுப் புத்தகத்தோட வந்தான். இந்தக் கல்லு எவ்வளவு காலமா இருக்குன்னு கேட்டான். மாமனாரு பைப்பை வாயில இருந்து எடுத்து, 'எங்க தாத்தாவோட தாத்தா பொறக்கும்போதே இருந்துச்சு'ன்னாரு. அவன் எழுதிக்கிட்டான். ரோடு நின்னுபோச்சு. படிச்சவங்க எதைச் சொன்னாலும் எழுதிக்குவாங்க."

படித்தவள் நான் தேநீரைப் பார்த்தேன். பால் அதிகம்.

"அப்ப இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்க மூட்டை கட்டிட்டுப் போயிருப்போமே" என்றேன். "மாட்டுக் கல்லை எவன் படிப்பான்?"

"நீ போயிடுவ. அப்புறம் அவங்க வருவாங்க." ஜன்னல் வழியாக மலையைக் காட்டினாள். "மேல காத்தாடி நடப் போறாங்க. மின்சாரக் காத்தாடி. ஒரு இறக்கை மட்டும் நாலு லாரி நீளம். கல்லு நிக்கற வளைவுல அது திரும்பாது. தொல்சின்னம்னு எழுதியிருக்கறதால மட்டும்தான் வேற வழி தேடிட்டு இருக்காங்க. நெசத்தைச் சொன்னா அடுத்த வாரமே புல்டோசர். சொல்லலைன்னா வியாழக்கிழமை உங்க நீல விளக்கு. நேத்துல இருந்து மாடு கறக்கறப்ப எல்லாம் இதையேதான் யோசிக்கறேன். நீ படிச்சவதானே, நீ சொல்லு."

"கல்லைப் பேத்து உன் வீட்டு முத்தத்துல நட்டுக்கயேன்."

"எங்க வீட்டு முத்தத்துல அவ பஸ்ஸுக்கு நிக்கலயே" என்றாள் டெர்வ்லா.

எங்கள் சட்டப்படி நான் அளந்த வயதை அரசாங்கத்துக்கு எழுதியே ஆக வேண்டும். அளந்துவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், எரிச்சல்பட்டு எழுந்து போயிருப்பேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, சொல்ல வேண்டிய இரண்டாவது விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

புதன்கிழமை நடுப்பகல். இளஞ்சேரன் சட்டை தேய்க்கக் கொடுக்கப் போயிருந்தான். தார்ப்பாயின் ஒரு மூலையை அவிழ்த்துவிட்டேன். அடிப்பாகத்துச் சாம்பிளையும் மிச்சத் துகள்களையும் எடுத்துக்கொண்டு போய் வெளியே வெட்டவெளிச்சத்தில் வைத்தேன். ஒரு நொடியில் அது குப்பையானது. எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம், சாம்பிளுக்கு வெளிச்சம் காட்டாதே என்பது. அதைச் செய்தவன் யாராக இருந்தாலும் அவனோடு நான் அப்புறம் பேச மாட்டேன். இரண்டு பேரை வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறேன். என் கையா இதைச் செய்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்தது நீல விளக்கு. அது நாற்பது நிமிஷம் எரிந்ததாகக் கருவியின் பதிவில் விழ வேண்டும். ஆனால் கல்லின் மேல் ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் படக் கூடாது. விளக்கைக் கல்லிலிருந்து திருப்பி, தரையில் வைத்து, எதிரில் என் சாப்பாட்டு டப்பாவை நிறுத்தி, தார்ப்பாயால் மூடினேன். நான் காலையில் கிளறிக் கொண்டு வந்த புளியோதரை நாற்பது நிமிஷம் நீல வெளிச்சத்தில் குளித்தது. பிறகு அதைச் சாப்பிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

இளஞ்சேரன் தேய்த்த சட்டையோடு வந்தான். நீல விளக்கு நாற்பது நிமிஷம் கல்லின் மேல் எரிந்துவிட்டது என்று சொன்னேன்.

"அக்கா... நீங்களா? நீங்க போயி விளக்கை எரியவிட்டுட்டுப் போவீங்களா?"

"வயசாவுதுல்லா தம்பி. சோதிச்சுப் பாக்கப் போட்டேன். அணைக்க மறந்துட்டேன்."

"அடிச் சாம்பிள்?"

"அதுவும் போச்சு. தார்ப்பாயி அவுந்து கெடந்துச்சு."

அவன் சட்டையைக் கீழே போட்டான். மழை ஈரத்தில் போட்டான். "முப்பது வருஷம், முப்பது வருஷம்னு எங்க உசுர எடுப்பீங்களே! ஒரு விளக்கு அணைக்கத் தெரியாதுங்களா? நாளைக்கு அமைச்சர் வர்றாருங்க்கா!" பிறகு ஒரு நம்பிக்கை வந்து கண்ணை உருட்டினான். "இருங்க, இருங்க. முழுசா அழிஞ்சிருக்காதுங்க்கா. மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ஏதாவது மிச்சம் இருக்கும்."

இது வரும் என்று எனக்குத் தெரியும். கல் அழிந்ததா இல்லையா என்று பார்க்க ஒரே வழி, நீல விளக்கைப் போடுவது. போட்டால் அழிந்துவிடும். இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த குணமே அதுதான்.

"தாராளமா ஓட்டுங்க தம்பி. அமைச்சர் முன்னாலயே ஓட்டுங்க. திரை வெள்ளை வெளேர்னு வரும். டி.வி.காரன் உங்களையும் அந்த வெள்ளையையும் சேத்து நல்லாப் படம் பிடிப்பான். உங்க அம்மா பொள்ளாச்சியில உக்காந்து பாப்பாவ."

அவன் முகம் வெளுத்தது. கோழை எந்த இடத்தில் மடங்குவான் என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு தொழில் அறிவுதான். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு கல்லைப் பிடித்துவிட்டான். வியாழக்கிழமை அமைச்சர் அங்கே பொத்தானை அழுத்தினார், ஏதோ ஒரு மேடு தெரிந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். என்னை வேலையைவிட்டு நீக்கிய செய்தி வெள்ளிக்கிழமை காலை கைபேசிக்கு வந்தது. கடைசியில் கும்பிடுகிற கை ஒன்று போட்டிருந்தான்.

அறிக்கையில் எழுதினேன்: 'கல்லின் வயதைத் தீர்மானிக்க முடியவில்லை. முகப்பில் படிக்கத்தக்க எதுவும் இனி இல்லை. காரணம், கருவி ஓட்டியின் கவனக்குறைவு.' மூன்று வரி. அந்த மூன்றாவது வரியை எழுத ஒரு மணி நேரம் ஆனது. பட்டியலில் இருந்த 'வெண்கலக் காலம்' அப்படியே இருக்கிறது. காற்றாடி இறக்கைகள் வேறு வழியாகச் சுற்றிப் போய்விட்டன. கல்லைப் படிக்க இனி ஒருவரும் வர மாட்டார்கள்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது நான் சமையல் மேடைக் கல் விற்கிற ஒரு கம்பெனியில், எந்தக் கல்லில் கத்தி கீறும், எதில் கீறாது என்று சோதித்துச் சொல்கிறேன். தொல்லொளியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பில் என் படத்தைத்தான் போடுகிறார்களாம். மழைத் தொப்பி, திறந்த வாய். யாராவது விளக்கை அணைக்க மறந்தால் 'இஸ்ஸி பண்ணிட்டியா' என்று கேட்கிறார்களாம். கேட்கட்டும். வயிறு எரிகிறது, ஆனாலும் கேட்கட்டும்.

இளஞ்சேரன் அந்தப் பழைய படத்தை நீக்கவே இல்லை. போன கோடையில் லண்டனிலிருந்து ஒரு பஸ் நிறைய நம்மவர்கள் பாலிநாகோருக்கு வந்து, மாட்டுக் கல்லுக்கு நல்லெண்ணெய் அபிஷேகம் செய்து, குங்குமம் வைத்து, வடை படைத்துவிட்டுப் போனார்கள். டெர்வ்லா தடுக்கவில்லை. அவளுடைய மாடுகளுக்கு நல்லெண்ணெய் பிடித்துவிட்டதாம். இரண்டு நாள் நக்கிக்கொண்டே நின்றனவாம்.

வேலைக்குப் போகிற வழியில் சில நாள் அந்த வளைவைக் கடப்பேன். எட்டேகாலுக்கு டெர்வ்லா அங்கே நிற்பாள். கல்லில் சாய மாட்டாள். ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு, பக்கத்தில் நிற்பாள். இந்தப் பக்கத்து வழக்கப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவேன். அவளும் ஒரு விரலைத் தூக்குவாள். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

அன்று நான் சொல்லாமல் வந்த இரண்டாவது விஷயம் இதுதான். அந்தக் கல்லுக்குள் ஈஃபா இல்லை. எங்கள் கருவிக்குத் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது முந்நூறு வருஷம் ஒரே இடத்தில் நிழல் விழுந்திருக்க வேண்டும். பதிமூன்று வருஷம், அதுவும் வருஷத்தில் பாதி நாள் வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில், காலையில் பத்து நிமிஷம் நின்ற ஒரு பெண் எந்தக் கல்லிலும் இருக்க மாட்டாள். இளஞ்சேரனுக்கு அது தெரியும். சிரிப்பு வரவழைக்கச் சொன்னான். எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும், அந்தக் கணக்கைப் போட்டவளே நான்தான்.

அவள் சமையலறையில் அதைச் சொல்லத்தான் போனேன். கடலில் ஒரு தடவை போனவளை, முந்தின நாள்தான் கல்லில் கிடைத்தவளை, மறுபடி என் வாயால் எடுத்துக்கொள்ள எனக்குத் துப்பில்லை. அதற்குப் பதிலாக என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊர்க் கூடத்தில் அவன் கையைத் தூக்கி அதைச் சொன்னபோதே, அறுபது பேர் முன்னால் எழுந்து, "இல்ல தம்பி, அது தப்பு" என்று நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. டெர்வ்லா அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருப்பாள், வந்த மாதிரியே.

சொல்லவில்லை. என் வாயில் பிஸ்கட் இருந்தது.